ஜட்ஜ் வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் கட்டுகளை என்ன செய்வது?

நீதிபதியாக இருந்தவர் காலமானால் அவர் வீட்டுக் காகிதங்களுக்கு இரண்டு கண்டம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டை ஒழிக்கும்போது முதல் கண்டம். அதில் தப்பினால் போகி. எரிக்காதவர்கள் எடைக்குப் போடுவார்கள். வடசென்னையில் தங்கசாலை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் பரண் நிறையக் கட்டுகள் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்குப் பக்கம் என்பதால் தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரன் தெருவிலும் வக்கீல் அலுவலகங்கள் நெருங்கிக் கிடக்கும். அங்கே ஜூனியராக நுழைந்து, முன்சீஃபாகவோ (கீழ்நிலை சிவில் நீதிபதி) ஜில்லா ஜட்ஜாகவோ உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ ஓய்வு பெற்றவரின் நாற்பது ஐம்பது வருடக் காகிதம் ஒரே அறையில் கிடக்கும்.

தூசி தட்டுவதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இந்தத் தாள் யாருடையது? ஜட்ஜ் வீட்டில் இருப்பதெல்லாம் ஜட்ஜுடையது அல்ல. கோர்ட்டுக்குச் சொந்தமானது இருக்கும், கட்சிக்காரர் (வழக்குக்காக வக்கீலிடம் வந்தவர்) கொடுத்துவிட்டு மறந்தது இருக்கும், அவருடைய மனைவிக்கு நாளைக்கே பென்ஷனுக்குத் தேவைப்படுவது இருக்கும். எதை வைப்பது, எதைத் திருப்புவது, எதை யார் கண்ணிலும் காட்டக் கூடாது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

முதல் நாள் எதையும் அசைக்காதீர்கள்

முதல் நாள் வேலை படம் எடுப்பது மட்டும். பரண், பீரோ, மேசை இழுப்பறை என ஒவ்வொரு தட்டையும் இருக்கிறபடியே செல்போனில் எடுங்கள். தட்டுக்கு ஓர் எழுத்து, கட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். இடப்பக்க பீரோவின் மேல்தட்டு ‘அ’ என்றால் அதன் மூன்றாவது கட்டு ‘அ3’. எண்ணைத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கட்டின் கயிற்றுக்கடியில் செருகினால் போதும். கட்டின் மேல் ஒட்டவும் வேண்டாம், பேனாவால் எழுதவும் வேண்டாம்.

எதற்கு இத்தனை பத்தியம்? ஒரு கட்டுக்குள் நிலத்தகராறு மனுவும், கல்யாணப் பத்திரிகையும், மருந்துச் சீட்டும் கலந்து கிடந்தால் பார்க்கிறவருக்குக் குப்பை. மூன்றிலும் இருக்கும் தேதியைப் பாருங்கள்: ஒரே வாரம். அந்தத் தீர்ப்பு எழுதிய வாரத்தில் வீட்டில் கல்யாணம், அவருக்கோ காய்ச்சல். மனுவை மனுவோடும் பத்திரிகையைப் பத்திரிகையோடும் அடுக்கிய நிமிஷம் இந்தச் சேதி போய்விடும், திரும்பக் கிடைக்காது. அதனால் அவர் வைத்த வரிசை கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தாலும் அதுவே வரிசை. ஏற்கெனவே யாராவது கலைத்துவிட்டிருந்தால் மட்டும் நாமாக ஒன்றை உண்டாக்கலாம்.

அவருடைய பழைய வக்கீல் குமாஸ்தாவோ ஸ்டெனோவோ உயிரோடு இருந்தால் ஒரு மத்தியானம் வீட்டுக்கு அழைத்து உட்கார வையுங்கள். “அண்ணே, இந்தச் சிவப்புப் பென்சில் புள்ளி எதுக்கு?” என்று கேட்டால் அரை நிமிஷத்தில் பதில் வரும். வேறு யாரிடமும் அந்தப் பதில் இல்லை. ஸ்டெனோ எழுதிய பிட்மன் சுருக்கெழுத்து நோட்டுகள் இருந்தால் அதை எழுதினவர்தான் சரளமாகப் படிப்பார். இன்னொரு சுருக்கெழுத்தாளருக்குப் பாதிதான் பிடிபடும். அவர் படிக்கப் படிக்கச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காலம் பார்த்துத் தொடங்குவதும் முக்கியம். பிப்ரவரியிலிருந்து மே வரை உகந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், எந்தக் கட்டையும் பிரித்துப் போட்டுவைக்காதீர்கள். அந்த மாதங்களில் காற்று ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். 65–70 சதவீதம் சில நாள் நீடித்தாலே காகிதத்தில் பூஞ்சை முளைக்கும்.

ஐந்து குவியல்

பெரிய மேசை ஒன்றோ இரண்டோ, மேலே துவைத்த காடாத்துணி. ஃபேனை நிறுத்துங்கள். காப்பி டம்ளர் அடுத்த அறையில் இருக்கட்டும். மூக்குக்கு என்95 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டை போதாது. கையுறை தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையே காகிதத்துக்கு நல்லது. துணிக் கையுறை முனை மடங்கிய தாளை இழுத்துக் கிழித்துவிடும். புகைப்படத்துக்கும் பூஞ்சை பிடித்த கட்டுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

முதல் குவியல் குடும்பத்துடையது. வீட்டுக் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், உயில், பென்ஷன் ஆணை, வங்கிக் காகிதம், வாரிசுச் சான்றிதழுக்கு வேண்டியவை. இவற்றை அன்றைக்கே எடுத்து வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். ஆவணக் காப்பகத்துக்குப் போகும் பெட்டியில் மூலப் பத்திரம் ஒன்று சிக்கிக்கொண்டால் ஆறு மாதம் கழித்து வரும் சண்டையைச் சமாளிக்க முடியாது.

இரண்டாவது கோர்ட்டுடையது. தீர்ப்பு எழுத வீட்டுக்கு எடுத்து வந்த வழக்குக் கட்டு, குறியீடு இட்ட சான்றாவணம், நீதிமன்ற முத்திரையோடு கூடிய மூல வாக்குமூலம். இவை எத்தனை பழையதானாலும் அந்தந்த நீதிமன்றப் பதிவறைக்குத்தான் போக வேண்டும். வழக்கு எண்ணும் ஆண்டும் முன்பக்கத்திலேயே இருக்கும். தபாலில் அனுப்பாதீர்கள். இரண்டு பிரதி பட்டியலோடு நேரில் கொண்டுபோய், ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். நகல்கள், கார்பன் பிரதிகள், தட்டச்சு வரைவுகள் இந்தக் குவியலில் சேராது. அவை ஜட்ஜுடைய குவியலுக்கு.

மூன்றாவது கட்சிக்காரருடையது. பெஞ்சில் ஏறுவதற்கு முன் வக்கீலாக இருந்த காலத்துக் கட்டுகள் இவை. இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பச்சை லெட்ஜர் பேப்பரில் அடித்த மனுக்களுக்கு நடுவே யாரோ ஒருவரின் மூலக் கிரயப் பத்திரமோ, பதியாத உயிலோ, பாகப்பிரிவினைச் சீட்டோ இருக்கும். அது அந்தக் குடும்பத்தின் சொத்து. முகவரி தேடித் திருப்புவதுதான் முறை. பத்திர எண், பதிவு அலுவலகம், ஆண்டு மூன்றும் இருந்தால் வில்லங்கச் சான்றிதழ் போட்டு இன்றைய உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். கட்சிக்காரர் வக்கீலிடம் தொழில்முறையில் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை வக்கீல் தொழிலை விட்ட பிறகும் நீடிக்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132. கட்சிக்காரர் எழுதிய கடிதத்தை ‘சுவாரசியமா இருக்கு’ என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது அந்தக் கடமையை மீறுவதே.

எழுதாத பழைய முத்திரைத்தாள், கையெழுத்து மட்டும் போட்ட வெற்று லெட்டர்ஹெட் கிடைத்தால் முழுப் பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதிவிடுங்கள். தாளைப் பாழாக்குகிறோமே என்று தயங்க வேண்டாம், போலிப் பத்திரம் அடிக்கிறவனுக்கு அதுதான் மூலப்பொருள். எழுதிய தாளில் இருக்கும் ஜார்ஜ் மன்னர் தலைபோட்ட ஸ்டாம்பை வெட்டி எடுக்கவும் விடாதீர்கள். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பார்கள். ஆனால் ஸ்டாம்ப் இருந்த இடத்தில் ஓட்டையோடு ஆவணம் செத்துப்போகும்.

நான்காவது, எங்கும் கிடைக்கும் அச்சு. பரணில் பாதி இடம் இதற்குத்தான் போயிருக்கும். 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் முதலாகத் தோல் அட்டை போட்ட தீர்ப்புத் தொகுதிகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நூலகங்களில் இருக்கிறது, கணினியிலும் இருக்கிறது. எந்தக் காப்பகமும் இதை விரும்பி ஏற்காது. ஆனாலும் ஒவ்வொரு தொகுதியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் அவர் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் அந்தத் தொகுதி ஐந்தாவது குவியலுக்கு ஏறும். இல்லையென்றால் இளம் வக்கீல் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

ஐந்தாவதுதான் நாம் தேடி வந்தது.

ஜட்ஜுடைய காகிதம் என்றால் என்னென்ன

வீட்டார் முதலில் நீட்டுவது கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலையும் பதவியேற்புப் புகைப்படத்தையும்தான். அவையும் வேண்டும். ஆனால் ஆராய்ச்சிக்காரர் தேடி வருவது வேறு: பெஞ்சில் உட்கார்ந்தபடி சாட்சி சொல்லச் சொல்ல எழுதிய நோட்டுகள், அடித்துத் திருத்திய தீர்ப்பு வரைவுகள், அன்றாட டைரி, சக நீதிபதிகளின் கடிதங்கள், மாற்றல் உத்தரவுகள். அச்சான தீர்ப்பு முடிவைச் சொல்லும். முடிவுக்கு முன்னால் எந்தப் பத்தியை இரண்டு தரம் அடித்தார் என்பது வரைவில்தான் தெரியும். அதனால் ஒரே தீர்ப்புக்கு நான்கு வரைவு இருந்தால் நான்கையும் வையுங்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்று என்று வரிவரியாகச் சரிபார்த்த பிறகுதான் மூன்றைக் கழிக்கலாம்.

மாற்றல் உத்தரவுகளை அலட்சியமாக நினைக்காதீர்கள். முன்சீஃப், சப் ஜட்ஜ், ஜில்லா ஜட்ஜ் என்று ஊர் ஊராகப் போனவரின் வாழ்க்கைக்கு அவைதான் முதுகெலும்பு. முதலில் இவற்றைத் தேதிவாரியாகப் பார்த்து ஒரு பக்கத்தில் பணிக் காலவரிசை எழுதிக்கொண்டால், தேதியில்லாத மற்ற காகிதங்களை ஊரைப் பார்த்தே வருடம் சொல்லிவிடலாம். உயர் நீதிமன்ற நீதிபதியானால் 62 வயதில் ஓய்வு. அந்த வருடத்துப் பிரிவுபசார உரைகளையும் அதே வரிசையில் கடைசியாகச் சேருங்கள்.

ஒரு சின்ன விலகல். அமெரிக்காவில் பல மாநிலங்களில் நீதிபதி பதவிக்கே தேர்தல் உண்டு. நீதிபதிகள் எல்லோரையும் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் முறைக்கு முதலில் போன மாநிலம் மிசிசிப்பி, 1832-இல். டெக்சாஸில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளே கட்சிச் சின்னத்தோடு நிற்கிறார்கள். அந்த ஊர் ஜட்ஜ் விட்டுப் போகும் பெட்டியில் தீர்ப்பு வரைவுக்குப் பக்கத்திலேயே ஓட்டுக் கேட்ட துண்டறிக்கையும் நன்கொடைக் கணக்கும் கிடக்கும். அங்கே இரண்டுமே ஆவணம்தான். நம் ஊரில் நீதிபதி நியமனம்தான். இருந்தாலும் வக்கீலாக இருந்த காலத்தில் பார் அசோசியேஷன் தேர்தலில் நிற்காத ஆள் குறைவு. ‘உங்கள் பொன்னான வாக்குகளை’ என்று அச்சடித்த அந்த நோட்டீசு, ஆதரவு கேட்டு எழுதிய போஸ்ட்கார்டு, வென்றபின் போட்ட டீ பார்ட்டிக் கணக்கு எல்லாம் வரலாறு. எந்த நூலகத்திலும் கிடைக்காது. குப்பையில் முதலில் விழுவதும் அதுதான்.

ஊசி, டேக், மடிப்பு

வடசென்னையின் உப்புக்காற்றில் இரும்புக்கு ஆயுள் குறைவு. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப், டேக் முனையிலுள்ள தகரம் எல்லாம் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். பின்னைப் பிடித்து இழுத்தால் மூலை கையோடு வரும். தாளைக் கவிழ்த்துப் போட்டு, பின்னின் கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டைத் துண்டைச் செருகி, முனை மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்தி, பிறகு மறுபக்கமிருந்து மெதுவாக எடுங்கள். டேக் என்றால் நூலைக் கத்தரித்துவிடுவதே சுலபம். எடுத்த பிறகு புதிதாகப் பின் அடிக்காதீர்கள். வெள்ளைத்தாள் ஒன்றை இரண்டாக மடித்து, அதற்குள் அந்தத் தொகுப்பை வைத்தால் போதும். வெளியே பென்சிலால் எண்.

பழைய வழக்குக் கட்டுகளை நீளவாக்கில் மடித்து முதுகில் விவரம் எழுதி வைத்திருப்பார்கள். நாற்பது வருடம் மடிந்த தாளை ஒரே வீச்சில் விரித்தால் மடிப்பிலேயே ஒடியும். முறுமுறுவென்று இருக்கும் தாளுக்கு இப்படிச் செய்யுங்கள். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பின் அடியில் ஈரத்துணி, அதன் மேல் உயரமான கம்பித்தட்டு, தட்டின் மேல் தாள். மூடி 4 முதல் 6 மணி நேரம். இளகியதும் எடுத்து விரித்து, இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து மேலே சமமான பலகையும் எடையும். மறுநாள் உறிஞ்சுதாளை மாற்றுங்கள். இதற்கு முன் மை கரைகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஈரமாக்கிப் பிழிந்த பஞ்சு முனையை ஏதாவது ஒரு புள்ளியில் தொட்டுப் பாருங்கள். ஃபவுண்டன் பேனாவின் ராயல் புளூ உடனே பஞ்சில் ஏறும். ஏறினால் இந்த வைத்தியம் கூடாது, மடிந்தபடியே வையுங்கள்.

தூசிக்கு 2 அங்குல மெல்லிய முடி பிரஷ். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே திசையில். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது. ராயபுரம் பக்கத்து வீட்டுக் கட்டுகளின் மேல்தாளில் அந்தக் கருப்பு இன்னும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் கரி தாளுக்குள் இறங்கிவிடும். உலர்ந்த பிரஷ், அதற்கு மசியாததற்கு மென்மையான வெள்ளை ரப்பர். அவ்வளவுதான்.

லாமினேஷன் செய்யாதீர்கள். அழகாக இருக்கிறது என்று பத்திரம் முதல் வாழ்த்து மடல் வரை லாமினேட் செய்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே தாள் தன் அமிலத்திலேயே வேகும். செலோடேப்பும் அப்படியே. சில வருடத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் நிற்கும். கிழிசலை ஒட்டாமல் மடித்த தாளுக்குள் வைப்பதே மேல். கடையில் கிடைக்கும் பளபளப்பான பிவிசி கவரில் ஜெராக்ஸ் பிரதியை வைத்தால் எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையா என்று கேட்டு வாங்குங்கள். வழவழப்பான ஃபேக்ஸ் தாள்களை இன்றைக்கே படம் எடுங்கள், ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் வெளுக்கும்.

ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் படங்கள் சிக்கியிருந்தால் முதலில் பக்கத்தோடு படம் எடுத்துவிட்டு, பல் சுத்தம் செய்யும் வாசனையற்ற நூலைப் படத்துக்கடியில் ரம்பம்போல நகர்த்திப் பாருங்கள். வரவில்லையா, விடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு ஸ்கேன் செய்வதுதான் வழி. படத்தின் பின்பக்கம் பேர் எழுத 2பி பென்சில். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் வரி விழும்.

பூச்சியும் வெள்ளமும்

ராமபாணப் பூச்சி பசைக்கும் வழவழப்பான தாளுக்கும் ஆசைப்படும், கரையானுக்கு எல்லாமே தீனி. பாச்சா உருண்டை நெடியில் பூச்சி கொஞ்சம் விலகும். பூஞ்சைக்கு அது எதுவும் செய்யாது, மூடிய அறையில் உங்கள் தலைதான் வலிக்கும். வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்ததைத் துணி முடிச்சில் கட்டி மூலையில் வையுங்கள். பச்சையிலையைத் தாள்களுக்கு நடுவே செருகினால் பழுப்புக் கறையும் ஈரமும்தான் மிச்சம். உயிருள்ள பூச்சி கண்ணில் பட்டால் அந்தக் கட்டைக் காற்றுப்புகாத பாலிதீன் பையில் போட்டு ஒட்டி, மைனஸ் 20 டிகிரி வரை போகும் டீப் ஃப்ரீசரில் 2 வாரம். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் பனிநீர் தாளில் வடியும். கரையான் மண் தெரிந்தால் ஃப்ரீசரோடு நிற்காது. சுவரில் வழி எங்கே என்று பார்த்து மருந்து அடிக்காமல் ஒரு தாளையும் அந்த அறையில் திரும்ப வைக்காதீர்கள்.

வெயிலில் காய வைக்கலாமே என்பார்கள். மொட்டைமாடி வெயில் மையை வெளுக்கும், தாளை நொறுக்கும். நிழல், காற்று, பொறுமை போதும்.

வெள்ளத்தைப் பற்றி வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நினைவிருக்கும். நனைந்த கட்டில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கும். அதற்குள் முடிகிற அளவு மட்டும் உலர்த்துங்கள்: பத்துப் பத்துத் தாளாக, இடையில் அச்சிடாத வெள்ளைத்தாள், தூரத்தில் ஃபேன். செய்தித்தாளை இடையில் வைத்தால் அதன் மை இதில் ஏறும். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. மிச்சத்தைப் பிரிக்காமல் பையில் போட்டு ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டால் நேரம் கிடைக்கும். மாதம் கழித்துக்கூட எடுத்து உலர்த்தலாம். சாக்கடையோ எண்ணெயோ கலந்த நீரில் நனைந்ததைத் தனியாக வையுங்கள். 2023-இல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அப்படிப்பட்ட கட்டைச் சுத்தமானவற்றோடு அடுக்கினால் எல்லாம் கறைபடும்.

வைக்கும் இடம்

தரைத்தளம் என்றால் அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது 3 அடி உயரத்தில். உங்கள் தெருவில் இதுவரை வந்த வெள்ளக்கோடு சுவரில் தெரியும், அதற்கு மேல் ஒரு அடி என்று கணக்கு வைப்பது இன்னும் நல்லது. மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும்) பழைய வீட்டின் மேல்மாடியும் ஆபத்துதான், ஒழுகும். முதல் மாடியில் உள்பக்க அறை கிடைத்தால் அதுவே சிறந்தது. சுவருக்கும் அலமாரிக்கும் 6 அங்குல இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி அலமாரிக்குக் கொடுக்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, ஒன்று உள்ளே இருக்கட்டும். 45 முதல் 55 சதவீதம்தான் காகிதத்துக்கு இதம். ஏசி இல்லாத வீட்டில் அது நடக்கிற காரியமல்ல, 65-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பெரிது. சிலிக்கா ஜெல் மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும். திறந்த அலமாரியில் வைத்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்துவது என்று தெரியும்.

சாமான்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். தாளும் அட்டையும் ஆண்டர்சன் தெரு, காடாத்துணி கொடவுன் தெரு, சிலிக்கா ஜெல் நைனியப்பன் நாயக்கன் தெரு. அமிலமற்ற தாளா என்று கேளுங்கள், கடைக்காரர் விழித்தால் வெளுக்காத பருத்திக் கூழில் செய்த கைத்தாள் கேளுங்கள். துணியை இரண்டு தரம் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த பிறகே சுற்ற வேண்டும், கஞ்சி பூச்சிக்குச் சாப்பாடு. சிவப்புத் துணியில் சுற்றுவது பழைய அலுவலக வழக்கம். நனைந்தால் சாயம் ஓடித் தாள் முழுக்கச் சிவக்கும், அதனால் சாயமில்லாத துணியே போதும். பெட்டி வாங்கும்போது உள்ளளவு முழு ஃபுல்ஸ்கேப் தாள் மடியாமல் படுக்கிற அளவா என்று தாளை வைத்தே பாருங்கள். ஏ4 பெட்டியில் பழைய கோர்ட்டுக் காகிதம் நுழையாது. பெட்டியை இறுக்கி நிரப்பாதீர்கள், இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள்.

பட்டியல்

தாள்தாளாகப் பட்டியல் எழுத ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டோடு நிறுத்திவிடுவார்கள். கட்டுக்கு ஒரு பதிவு போதும். மாதிரி:

பெட்டி 4, கட்டு ஆ7. பெஞ்ச் நோட்டுகள், 6. 1978 ஜூன் முதல் 1979 ஏப்ரல். மை, ஆங்கிலம், ஓரத்தில் தமிழ்க் குறிப்பு. 3-ஆவது நோட்டில் முதல் 8 பக்கம் கரையான் அரித்தது. இருந்த இடம்: நடு பீரோ, இரண்டாம் தட்டு. அனுமதி: மூடியது.

‘இருந்த இடம்’, ‘அனுமதி’ இரண்டும்தான் பலர் விட்டுவிடுவது. அலமாரியில் ஒரு அடி நீளம் பிடிக்கும் கட்டுகளை முடிக்க இரண்டு பேருக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். துருவும் மடிப்பும் அதிகம் என்றால் இரண்டு நாள். அதை வைத்து மொத்த வேலையைக் கணக்கிடுங்கள்.

ஸ்கேன் செய்வது பட்டியலுக்குப் பிறகுதான். எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. மூலக்கோப்பு டிஃப் (தரம் குறையாத பட வடிவம்), பார்வைக்கு பிடிஎஃப். கோப்புப் பெயர் கட்டு எண்ணில் தொடங்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். ஃபிளாப்பியும் ஆடியோ கேசட்டும் கிடைத்தால் காகிதத்துக்கு முன்னால் அவற்றைப் பிரதி எடுங்கள், அவை காத்திருக்காது. ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூலத்தை எடைக்குப் போடுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை.

எதை மூடி வைப்பது

பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72. குழந்தைகள் வழக்குக்கு போக்சோ சட்டத்தின் 23-உம் சிறார் நீதிச் சட்டத்தின் 74-உம். குடும்ப வழக்கு, தத்து, மனநலம் சம்பந்தப்பட்டவையும் மூடிய பெட்டிக்கே. அப்படிப்பட்ட நோட்டைக் கிழித்தெறியத் தேவையில்லை. தனிப் பெட்டி, பட்டியலில் பெயர் இல்லாமல் வழக்கின் வகையும் வருடமும் மட்டும்.

கடிதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வந்த கடிதத்தின் தாள் உங்கள் வீட்டுடையது. ஆனால் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. அவர் காலத்துக்குப் பிறகு அது அவருடைய வாரிசுக்கு. ஆய்வாளர் உட்கார்ந்து படிக்கலாம், முழுதாக அச்சிட வேண்டுமானால் அந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டும். தீர்ப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீதிமன்றம் தடை செய்யாதவரை யாரும் மறுபதிப்புச் செய்யலாம்.

எத்தனை வருடம் மூடுவது? அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல் தன் காகிதங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தபோது, தன் மறைவுக்குப் பிறகு இத்தனை வருடம் பொறுக்க வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. 1993 ஜனவரியில் அவர் மறைந்தார், சில மாதத்திலேயே பெட்டிகள் திறந்தன. பதவியிலிருந்த சக நீதிபதிகள் கொதித்தார்கள். அதே நீதிமன்றத்தின் ஹாரி பிளாக்மன் இறந்து 5 ஆண்டு கழித்துத் திறக்கச் சொன்னார். 1999-இல் மறைந்தவரின் பெட்டி 2004-இல் திறந்தது. கூட உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவர்கள் இன்னும் பணியிலிருந்தால், அவர்கள் கடிதங்களுக்கு மட்டுமாவது ஒரு தேதி போட்டு மூடுங்கள். ‘தகுந்த காலம் வரை’ என்று எழுதாதீர்கள், காப்பகத்தாருக்கு வருடம் வேண்டும்.

ஒப்படைப்பது

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தில்லியில் தனிநபர் காகிதங்களைச் சேகரிக்கும் பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும். எதற்கானாலும் வண்டி பிடிக்கும் முன் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். எல்லோரும் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே இடத்தில் மொத்தமாகக் கொடுப்பது நல்லது. சித்தப்பா வீட்டுக்குப் புகைப்படம், அத்தை வீட்டுக்கு டைரி என்று போனால் நீங்கள் காப்பாற்றிய வரிசை அங்கே உடையும். வீட்டார் ஆசைப்பட்டால் ஸ்கேன் பிரதி கொடுங்கள்.

அசையும் பொருளைத் தானம் செய்யக் கையில் ஒப்படைத்தாலே சட்டப்படி செல்லும், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். எல்லா வாரிசுகளின் கையெழுத்து, கொடுப்பது தாளை மட்டுமா ஜட்ஜின் பதிப்புரிமையையும் சேர்த்தா, மூடிய பெட்டிகளின் எண்ணும் திறக்கும் ஆண்டும், காப்பகம் வேண்டாமென்று கழிப்பதைத் திருப்பித் தருமா அழிக்குமா. கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை, பிறகு வருத்தப்படுகிறார்கள். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வரும்வரை பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏற்றும் நாளில் பெட்டிகளைக் குறுக்காகக் கயிறு போட்டுக் கட்டி, மூடிய வண்டியில் ஏற்றுங்கள். தட்டுரிக்ஷாவும் தார்ப்பாயும் வேண்டாம். இறக்கும் இடத்தில் பெட்டி எண்ணைப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அந்தப் பிரதியை வீட்டில் பென்ஷன் ஃபைலுக்குள்ளேயே வையுங்கள். அந்த ஃபைலை மட்டும் எந்த வீட்டிலும் போகிக்குத் தூக்கிப் போட மாட்டார்கள்.